இரவு பத்து மணிக்குப் பிறகு பட்டியலில் ஒன்றுமில்லை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காலை 7 மணி: பட்டர் டீ. 9 மணி: ஊறவைத்து நெய்யில் வறுத்த பாதாம் 100. மதியம் 1 மணி: காலிஃப்ளவர் சோறு, முட்டை 4. மாலை 5 மணி: ஒரு கொய்யாக்காய், அரைமணி நேர நடை. இரவு 8 மணி: மீன் அல்லது கோழி அல்லது பன்னீர், வயிறு நிறைய. இரவு 10 மணி: உறங்கச் செல்லவும். அடியில் தடித்த எழுத்தில், ‘சோறு, கிழங்கு, சர்க்கரை கூடவே கூடாது.’

இந்தக் கட்டுரை அந்தத் தாளைப் பற்றிய விமர்சனம். நாவலை விமர்சிக்கிறோம், கவிதையை விமர்சிக்கிறோம், சினிமாவைக் கிழித்துத் தொங்கவிடுகிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் வாசித்து, வரிக்கு வரி கீழ்ப்படிகிற எழுத்து உணவுப் பட்டியல்தான். அதை யாரும் ஒரு பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. அது யாரைப் பார்த்துப் பேசுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்பதில்லை. எனக்கும் அந்தக் கேள்வி பகலில் வரவில்லை. அதைப் பின்பற்றத் தொடங்கிய நான்காம் நாள், இரவு 2 மணிக்கு வந்தது.

ஆரல்வாய்மொழியில் நடுச்சாமத்தில் விழித்திருப்பவளுக்குத் துணைக்குக் காற்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் விழுந்த இடைவெளி எங்கள் ஊர். ஆனி, ஆடியில் அந்தக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அன்று ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து சாத்தப் போனேன். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. நெஞ்சு, யாரோ துரத்த ஓடிவந்தவளுடையதுபோல அடித்துக்கொண்டது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. உடம்பு முழுக்கக் களைப்பு, கண்ணில் ஒரு பொட்டு உறக்கமில்லை. பக்கத்தில் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரும் அதே தாளை அதே நாளில்தான் தொடங்கியிருந்தார்.

என் களைப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வந்தது, இரண்டு ஆண்டாகப் போகவில்லை. ரத்தம், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. காகிதத்தில் எல்லாம் சரி. ஒருநாள் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். உறங்கி எழுந்தாலும் உறங்காதவள்போலவே இருக்கும். நாட்பட்ட களைப்பு நோய்க்கு அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ 2015இல் வகுத்த அடையாளங்கள் ஏறத்தாழ இவைதாம்: ஆறு மாதத்துக்கு மேல் வாழ்க்கையை முடக்கும் களைப்பு, சின்ன உழைப்புக்குப் பின்னும் உடம்பு மோசமாவது, தெளிவு தராத உறக்கம், இவற்றோடு மூளை மந்தமாவது அல்லது எழுந்து நிற்கமுடியாமல் தவிப்பது. கீட்டோ எடுத்தால் களைப்பு பறந்துவிடும் என்று சொல்லி என் மைனி அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். எடை குறைக்க அல்ல, எழுந்து நடமாடத்தான் அதைத் தொடங்கினேன்.

தாளுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற சவ அடக்க ஏற்பாட்டாளர், ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விட்டு எடை குறைந்த கதையைத் துண்டுநூலாக அச்சிட்டார். ‘நான் இப்படி இருந்தேன், இப்படி ஆனேன்’ என்று ஓர் ஆண் தன் உடம்பைச் சாட்சிக்கு நிறுத்தும் எழுத்துவகைக்கு அது ஒரு முன்னோடி. கீட்டோ என்ற பெயர் மருத்துவமனையிலிருந்து வந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக அதை முன்வைத்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. ஆனால் அங்கே அது தராசில் நிறுத்து, ரத்தம் பார்த்து, உணவியலாளர் கண்காணிப்பில் நடக்கும் சிகிச்சை. தமிழில் இந்த அலை 2010களின் நடுவில் பேலியோ என்ற பெயரில் எழுந்தது. நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூலைக் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. முட்டை மஞ்சள்கரு மீதும் தேங்காய் மீதும் நம் ஆட்களுக்கு இருந்த பயத்தை அந்த அலை தெளியவைத்தது. மூன்று வேளையும் சோறாகத் தின்று சர்க்கரை நோயோடு கிடந்த பலரைத் தட்டைப் பார்த்து யோசிக்கவைத்தது. அதை மறுக்கமாட்டேன். என் கைக்கு வந்த தாள் அந்த நூலின் பக்கமல்ல. பல கை மாறி, எழுதியவர் பெயரே இல்லாமல் வந்தது. பெயரில்லாத எழுத்துக்குத்தான் வீட்டுக்குள் அதிகாரம் அதிகம்.

அந்த நான்காம் இரவில் என் உடம்பில் என்ன நடந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாவுச்சத்தை நாளுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கினால் உடம்பு முதலில் கையிருப்பைக் கரைக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். அது கரைந்தால் தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் தராசு காட்டும் இறக்கத்தில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். கூடவே இன்சுலின் தாழ்கிறது. தாழ்ந்ததும் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பதை விட்டுவிடுகிறது. உப்பும் நீரும் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும். எழுந்தால் தலை சுற்றும். அதை ஈடுகட்ட நரம்பு மண்டலம் இதயத்தை விரட்டும். விரட்டப்படுகிற இதயத்தை வைத்துக்கொண்டு யார் உறங்குவது?

களைப்பு நோயுள்ளவர்களில் பலருக்கு எழுந்து நிற்பதே ஏற்கெனவே பாடு. அவர்களுக்கு உப்பையும் தண்ணீரையும் கூட்டச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். உப்பை வெளியேற்றும் உணவுமுறையை அப்படிப்பட்ட உடம்பிடம் கொடுத்துவிட்டு, உப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத தாள் என்னுடையது. நிறைய உப்பிட்ட எலும்புச் சாறு ஒரு கிண்ணம் என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த இரவுகளில் சில கழிந்திருக்கும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அதே வரி ஆபத்து. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் இந்த உணவுமுறையைத் தொடங்குவதே ஆபத்து. ஒரே தாள் எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம்.

சோற்றுக்கும் உறக்கத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் முகத்தைப் பார்த்ததும் அத்தை சொன்னார்: “ஒரு கை சோறு தின்னுட்டுப் படு மக்களே. வயித்துல சோறு இல்லாம உறக்கம் எங்கேந்து வரும்?” பிற்பாடு ஓர் ஆய்வைப் படித்தபோது அத்தையை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 2007இல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்டது. படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பு, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் மல்லிகை அரிசிச் சோறு தின்றவர்கள் சராசரியாக 9 நிமிடத்தில் உறங்கினார்கள். மெதுவாக ஏற்றும் அரிசியைத் தின்றபோது 17.5 நிமிடம் ஆனது. மாவுச்சத்து இன்சுலினை உயர்த்த, டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்துக்கு மூளைக்குள் போகும் வழி எளிதாகிறது, அதிலிருந்துதான் உறக்கத்துக்கு உதவும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

அந்த ஆய்வில் சோறு தின்று உறங்கியவர்கள் மொத்தம் 12 பேர். பன்னிரண்டு பேரும் ஆரோக்கியமான ஆண்கள். மாதவிலக்கு, கருப்பை, மாதவிடாய் நிற்கும் காலம், இரவில் அழும் குழந்தை, நாட்பட்ட களைப்பு எதுவும் அந்தப் படுக்கைகளில் இல்லை. ஆய்வைக் குறை சொல்லவில்லை. சின்ன ஆய்வு, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்ன ஆய்வு. ஆனால் சோற்றைச் சமைத்துப் பரிமாறிவிட்டுக் கடைசியில் படுப்பவளின் உறக்கத்தை அளக்க அதில் யாரும் வரவில்லை. தாளிலும் வரவில்லை. ‘இரவு 10 மணி: உறங்கச் செல்லவும்’ என்ற வரிக்குக் கீழே வெற்றிடம். உறக்கம் ஒரு கட்டளை, சொன்னால் நடந்துவிடும்.

தாளோடு ஓர் ஆலோசகரும் தொலைபேசியில் கிடைத்தார். பெயர் வேண்டாம், அவர் ஒருவர் அல்ல, ஒரு வகை. உறங்கவில்லை என்று சொன்னதும் மூன்று பதில்கள் வரிசையாக வந்தன. முதலில், “உடம்பு கொழுப்புக்கு மாறுது, கீட்டோ ஃப்ளூதான், போயிடும்.” ஒரு வாரம் கழித்து, “எங்கேயோ சீட்டிங் செஞ்சிருப்பீங்க.” அடுத்த வாரம், “மனசுல டென்ஷன் இருக்கும், தியானம் பண்ணுங்க.”

முதல் பதிலில் பாதி உண்மை. பலருக்குச் சில நாட்களில் அது போய்விடும். இரண்டாம் பதிலில்தான் இந்த எழுத்துவகையின் அறவியல் வெளிப்படுகிறது. ‘சீட்டிங்.’ இட்லி தின்றால் ஏமாற்றுவது. யாரை? கணவரையா, ஆலோசகரையா, தாளையா? தின்பதற்கு ஏமாற்று என்று பெயர் வைத்தபிறகு தின்றவள் குற்றவாளி, தின்னாதவள் பத்தினி. நோன்பு இருப்பவள் சாமிக்குத் தெரியாமல் தின்றாளா என்று வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் துழாவுவார்கள். அதே பார்வை ஆங்கிலச் சொல்லில் திரும்பி வந்திருக்கிறது. என் கணவர் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு கரண்டி பாயசம் குடித்தார். அது ‘சீட் மீல்’, வாரத்துக்கு ஒன்று தாளே அனுமதித்தது. ஒரு துண்டு மரச்சீனிகூடத் தொடாத நான், உறங்காத காரணத்தால் சந்தேகத்துக்கு ஆளானேன்.

மூன்றாம் பதில் மிகப் பழையது. பெண் களைத்துப்போனால் மருத்துவம் அவள் மனத்தைத் தேடிப் போகும். அமெரிக்க மருத்துவர் வெய்ர் மிட்செல் 1877இல் எழுதிய நூலின் பெயரே ‘கொழுப்பும் ரத்தமும்’ என்று தொடங்குகிறது. களைத்த பெண்களைப் படுக்கையில் கிடத்தி, பாலும் வெண்ணெயும் இறைச்சியும் ஊட்டி, வாசிப்பையும் எழுத்தையும் விருந்தாளிகளையும் தடுத்துவைப்பது அவர் சிகிச்சை. 1887இல் அவரிடம் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மனிடம், இனி பேனாவைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். பித்துப் பிடிக்கும் எல்லைவரை போய்த் திரும்பிய கில்மன், 1892இல் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதையில் அதற்குப் பதில் எழுதினார். கொழுப்பை ஏற்றிப் பெண்ணைத் தேற்றலாம் என்ற யோசனைக்கு வயது நூற்றைம்பதைத் தொடுகிறது.

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் விடாத களைப்பும் வலியுமாக விழுந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 1970இல் மெக்எவெடி, பியர்ட் என்ற இரு உளவியல் மருத்துவர்கள் அது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயுற்றவர்களை அவர்கள் பரிசோதிக்கவில்லை. பழைய குறிப்புகளைப் படித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. 2011இல் பிரிட்டனில் வெளியான ‘பேஸ்’ ஆய்வு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் களைப்பு நோய் தேறும் என்றது. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டியைத் திருத்தி, அப்படிக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்றது. என் தாளிலிருந்த ‘அரைமணி நேர நடை’க்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. நடந்தேன். நடந்த நாளின் மறுநாள் படுத்தேன். படுத்த நாளின் இரவில் உறக்கமில்லை.

இனி தாளில் இல்லாத வேலைகள். ஊறவைத்த பாதாம் நூறு. யார் ஊறவைப்பது? முந்தின இரவு 10 மணிக்கு, அதாவது உறங்கச் செல்ல வேண்டிய நேரத்தில், நான். கணவருக்கும் எனக்குமாக இருநூறு பாதாமை எண்ணிப் போடுவேன். காலையில் நெய்யில் வறுப்பேன். காலிஃப்ளவரைச் சுடுவெந்நீரில் அலசிப் புழு பார்த்துத் துருவி எடுத்தால்தான் அது ‘சோறு’ ஆகும். பிள்ளைகளுக்கு இட்லி, அத்தைக்குச் சம்பாச் சோறும் புளிமுளமும், எங்களுக்குத் தாள். ஓர் அடுக்களை இரண்டானது, ஆள் ஒன்றுதான். தமிழில் இரண்டு வசதியான வடிவங்கள் உண்டு: ‘உறங்கச் செல்லவும்’ என்னும் வியங்கோளும், ‘ஊறவைத்த’ என்னும் பெயரெச்சமும். முதலாவதில் யாரைச் சொல்கிறார்கள் என்பது மறையும், இரண்டாவதில் யார் செய்தார் என்பது மறையும். தாள் முழுக்க அந்த இரண்டால் ஆனது.

இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகக் கண்டார்கள். மாவுச்சத்தைக் கிராம் கணக்கில் எண்ணும் எழுத்து இந்த நிமிடங்களை எண்ணுவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பு என்று வந்து நிற்கும் பெண்ணிடம் ‘ரத்தம் பார்த்தாயா, எத்தனை மணிக்கு எழுகிறாய், எத்தனை மணிக்குப் படுக்கிறாய்’ என்று கேட்பதற்கு முன்பே ‘சோற்றை விடு’ என்பது, கேள்வியைக் கேட்காமல் பதில் சொல்வது. பக்கத்துத் தோவாளையில் விடிவதற்குள் கூடுகிற பூச்சந்தைக்காக எத்தனையோ பெண்களின் இரவு குறைகிறது. அவர்கள் களைப்புக்கும் இந்தத் தாள் வந்து சேரத்தான் போகிறது.

இந்த எழுத்துவகை தன் நியாயத்தை ஆதிமனிதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ‘ஆதிமனிதன் வேட்டையாடினான், தின்றான், உறங்கினான்.’ மூன்று வினையிலும் ‘ஆன்’ விகுதி. அவன் தின்ற இறைச்சியைக் கூறுபோட்டவள், வேட்டை கிடைக்காத நாளில் கிழங்கு தோண்டிக் கொடுத்தவள் வாக்கியத்துக்குள்ளேயே வரவில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பெண்கள் தோண்டும் கிழங்கு இன்றும் முக்கியமான உணவு. எங்கள் மாவட்டத்து மலையிலுள்ள காணிக்காரர்களும் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றவர்கள்தாம். வேட்டையும் ஆணுடையது மட்டுமல்ல: பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் ஏறத்தாழ 9000 ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் புதைகுழியில் வேட்டைக் கருவிகள் கிடைத்ததை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாள் கிழங்கைத் தடைசெய்யலாம். அதற்கு ஆதிகாலத்தைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் நம் பாட்டிமார் தின்றதுபோலச் சோறு தின்போம்’ என்று யாராவது கிளம்பினால், அவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பாரம்பரிய உணவு என்ற எழுத்துவகையும் பாட்டியைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரின் வயிற்றை நிரப்பியது மரச்சீனி. நாஞ்சில் நாட்டை நெற்களஞ்சியம் என்பார்கள். எங்கள் அத்தையின் அம்மா அந்தக் களஞ்சியத்தில் ஆண்களுக்குச் சோற்றை வைத்துவிட்டு மரச்சீனியையும் கஞ்சித் தெளிவையும் குடித்தவர். “அம்மைக்கு எப்பமும் அசதிதான். ஆனா அதுக்கு ஒரு பேரு கிடையாது” என்றார் அத்தை. ஒரு கை சோறு தின்றால் உறக்கம் வரும் என்று அவர் சொன்னது, தன் அம்மாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு கையைப் பற்றியும்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

மூன்று வாரத்தில் நான் தாளை மாற்றினேன். தூக்கி எறியவில்லை. பட்டர் டீயைக் காலையோடு நிறுத்தினேன். மருத்துவரைக் கேட்டு உப்பைக் கூட்டினேன். மாவுச்சத்தை ஒரே வெட்டாக வெட்டாமல் மெல்லக் குறைத்தேன். இரவில் ஒரு கை சோறு திரும்ப வந்தது. நடையை உடம்பு விட்ட நாளில் மட்டும் வைத்துக்கொண்டேன். உறக்கம் வந்தது, முழுதாக அல்ல. இரண்டு மணிக்குப் பதில் நான்கு மணிக்கு விழிக்கிறேன். களைப்பு போகவில்லை. போகும் என்று சொன்னவர்கள் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. என் கணவர் 6 கிலோ குறைந்தார். எல்லோரும் பாராட்டுகிறார்கள், அவர் உழைப்பை மறுக்கவில்லை. அந்த 6 கிலோவில் என் பத்து மணிகளும் இருக்கின்றன என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் வேறு தாள். நான் கோடு போட்டது. நேரம், உணவு என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘செய்தவர்’ என்று மூன்றாவது கட்டம். அதற்கும் அப்பால் ‘உறங்கிய மணி’ என்று நான்காவது, வீட்டிலுள்ள எல்லோருக்கும். முதல் பத்து நாள் மூன்றாவது கட்டம் முழுக்க என் பெயர்தான். எழுதி எழுதி எனக்கே வெட்கமாக இருந்தது. பதினொன்றாம் நாள் ‘பாதாம் ஊறவைத்தவர்’ என்ற இடத்தில் கணவரின் கையெழுத்து. காலையில் எழுந்து பார்த்தேன். பாதாம் கிண்ணத்தில் இருந்தது. தண்ணீர் ஊற்ற மறந்திருந்தார். நான் ஊற்றவில்லை. ஐந்து மணிவரை உறங்கியிருந்தேன், அதைத்தான் முதலில் எழுதினேன்.